செல்ஃப் எடுக்கலையா? பாட்டரியைத் திட்டாதீங்க!

கார் சாவியைத் திருப்பினால் "கட கட"ன்னு சத்தம் மட்டும் வரும், இன்ஜின் சுத்தாது. உடனே "பாட்டரி போச்சு, புதுசு வாங்கு" என்பார்கள். வாடகைக் கார் ஓட்டும் எங்க மாமா மாதிரி ஆட்களுக்கு அது பல நாள் சம்பாத்தியம்!

"ஹாரன் அடிக்குதே, கரண்ட் வருதே?" என்று கேட்பீர்கள். ஹாரனுக்கு சுமார் 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 150 ஆம்பியர்கூட வேணும். பாட்டரி முனையில் உப்பு பூத்து 0.02 ஓம் தடை இருக்குன்னு வைங்க. ஓம் விதிப்படி ஹாரனுக்கு 0.1 வோல்ட்தான் வீணாகும். ஸ்டார்ட்டருக்கோ 3 வோல்ட்! மீதியில் மோட்டார் எப்படிச் சுத்தும்?

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். கம்பியை கிளாம்பில் வைக்காமல் பாட்டரியின் ஈயக் குமிழிலேயே வைக்கணும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைத் திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியில்தான் குறை. சார்ஜ் ஏத்திப் பார்க்கணும். குமிழில் 12 நிக்குது, கிளாம்பில் மட்டும் குறையுதுன்னா குற்றவாளி உப்புதான். ரெண்டிலும் குறையாமல் ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்க. சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச்.

உப்பைக் கழுவ சமையல் சோடா கரைத்த தண்ணி போதும். ஆனால் முதலில் மைனஸ் வயரைக் கழட்டணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும்.

- 9-ஆம் வகுப்பு மாணவி