பள்ளியை இணைக்கிறார்களா? முதலில் இதைக் கேளுங்கள்

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ தேவிகுளம், பீருமேடு தோட்டங்களிலோ பழைய தொடக்கப் பள்ளியை மூடி வேறொன்றோடு சேர்க்கும் பேச்சு வந்தால், முதலில் கேட்க வேண்டியது சேர்க்கப்போகும் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு உண்டா என்பதைத்தான். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. அதனால் லயத்து வீட்டு வாசலிலிருந்து பிள்ளை நடக்கும் வழியிலேயே தூரத்தை அளந்து, வண்டி வசதியும் கேட்டு உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், 350ஆம் பிரிவு தரும் உரிமை அது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஓடு சரியும் கட்டடத்தில் பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். தகுதிச் சான்று இல்லாத கட்டடத்தில் ஒரு நாள்கூடப் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. ஆனால் கட்டடம் பழுதென்றால் கட்டடத்தை மாற்றட்டும், பயிற்றுமொழி ஏன் மாற வேண்டும்? மூட உத்தரவான கோழிக்கோடு மலாப்பறம்பு பள்ளியை 2016-ல் அரசே ஏற்றது, மனமிருந்தால் வழியுண்டு. பெரிய பள்ளியில் ஆசிரியர்கள் அதிகம் என்பதும் உண்மை. அவர்கள் பேசுவது ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தால்தானே பயன்? பிள்ளை பள்ளி மாறியே ஆக வேண்டுமென்றால், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தாமதம் என்று அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டுங்கள்.