பிடித்த பணத்துக்குக் காவல் யார்?

கேள்வி: மாதந்தோறும் என் சம்பளத்தில் சி.பி.எஸ். பிடிக்கிறார்கள். அந்தப் பணம் யார் பொறுப்பில் இருக்கிறது? யார் கண்காணிக்கிறார்கள்?
– அரசுப் பள்ளி ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: உங்கள் பணம் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் இருக்கிறது, கலங்க வேண்டாம். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களிடம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்து, அதே அளவு அரசும் சேர்த்து, வட்டியும் வரவு வைப்பதே சி.பி.எஸ். எனும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். கணக்கை அரசுத் தகவல் தொகுப்பு மையம் பராமரிக்கிறது. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்ட (என்.பி.எஸ்.) ஏற்பாட்டில் தமிழ்நாடு சேரவில்லை. எனவே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கண் உங்கள் கணக்கின்மீது இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) தணிக்கை உண்டு. ஆனால் தணிக்கை நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். முடிவெடுக்கும் இடத்தில் உங்களுக்காகப் பேசாது.

குறை இங்கேதான். பங்கு செலுத்த வேண்டியவரும் பணத்தை வைத்திருப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவரே. பி.எஃப். நிதியின் மத்திய அறங்காவலர் வாரியத்தில் தொழிலாளர் தரப்புக்கு 10 இடங்களைச் சட்டமே தருகிறது. சி.பி.எஸ்.ஸுக்கும் அப்படியொரு வாரியம் கேட்டால், ‘அரசே உத்தரவாதம், வாரியம் எதற்கு?’ என்பார்கள். உத்தரவாதம் பணம் திரும்ப வரும் என்கிறது. கணக்கு சரியா என்று கேட்கும் உரிமையைத் தருவதில்லை. வாரியம் வந்தால் பணம் பங்குச்சந்தைக்குப் போய்விடும் என்ற அச்சமும் வேண்டாம். மேற்பார்வை வேறு, முதலீடு வேறு. திட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் ஊழியர் பிரதிநிதி அமரும் அறங்காவலர் குழுவைக் கேளுங்கள். அதுவரை ஆண்டுக் கணக்குத்தாளைச் சம்பளப் பட்டியலோடு மாதவாரியாக ஒப்பிடுங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் சம்பளம் வழங்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் முதல் காவல் அதுவே.