கிளினிக்கா, கேஷுவாலிட்டியா?

ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மருந்து சொல்ல நான் வரவில்லை. உடம்புக்கு முடியாதபோது எந்த வாசலுக்குப் போவது என்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் என் மைத்துனருக்கு ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சில் பாரம், வியர்வை. வாயுப் பிடிப்பு என்று பெருங்காயம் கலந்த மோர் கொடுத்தோம். பிறகு அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கி, டாக்டர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கே இ.சி.ஜி. எடுக்கும் வசதியே இல்லை என்பது டாக்டர் வந்த பிறகுதான் தெரிந்தது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாரடைப்பு. மனிதர் பிழைத்தார், ஆனால் மாடிப்படி ஏற முடிவதில்லை. உடன் இருந்தவன் நானும்தான், தவறில் எனக்கும் பங்குண்டு.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னல் விளக்கு எரியவில்லை என்றால் அதைச் சிவப்பு என்றே டிரைவர் கொள்ள வேண்டும். பச்சையாக இருந்திருக்கும் என்று ஊகித்து வண்டியை விடக் கூடாது. உடம்பு விஷயத்திலும் சந்தேகம் வந்தால் அதுவே வழி.

நெஞ்சில் அழுத்தம், அதோடு இடது கை அல்லது தாடை வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, நினைவு தப்புதல், நிற்காத ரத்தம், பாம்புக் கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. இவற்றுக்குக் கிளினிக் வாசலே மிதிக்க வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாக மாரடைப்பு வருவதுண்டு. சளி, இருமல், லேசான காய்ச்சல், தோல் அரிப்பு, தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை இவற்றுக்குக் கேஷுவாலிட்டிக்குப் போய் அங்குள்ளவர்களின் நேரத்தையும் நம் நேரத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மாலை 6 மணி வரை ஓ.பி. உண்டு. நாய்க்கடி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும், ஓ.பி. மூடிவிட்டால் கேஷுவாலிட்டிதான்.

அடுத்தது, எந்த ஆஸ்பத்திரி? நம்மவர்களிடம் ஒரு பழக்கம்: எதற்கும் “நம்ம பக்கம்” போய்விடுவது. வாளையார்க்காரர் கோவைக்கும், குமுளிக்காரர் கம்பத்துக்கும், மூணாறு லயத்துக்காரர் போடிக்கும் தேனிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பாஷை தெரிந்த இடம் என்ற ஆறுதல் எனக்கும் புரிகிறது. ஆனால் போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நெஞ்சு வலிக்காரரை வைத்துக்கொண்டு அதில் இறங்குவதற்கு முன், இ.சி.ஜி. உள்ள மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் நிறுத்துங்கள். போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ முறை. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் டாக்டர் இருக்கச் சொன்னால் இருந்துவிடுங்கள், அடுத்ததில் தெரிவதுண்டு. மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் சீட்டோடு அனுப்புவார்கள். பக்கவாதத்துக்குக் கணக்கு வேறு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் தேவை. ஆகவே ஸ்கேன் எங்கே இருக்கிறது என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வையுங்கள். பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

பாஷைக்கு ஒரு வழி சொல்கிறேன். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் பலகையைப் பார்த்துத் தவிக்க வேண்டாம், “அத்யாஹித விபாகம்” எவிடே என்று கேட்டால் கேஷுவாலிட்டியைக் காட்டுவார்கள். “நெஞ்சுவேதன”, “ஸ்வாசம் முட்டு”, “பாம்பு கடிச்சு”, “ஒரு வசம் தளர்ந்நு” – இந்த நான்கும் வீட்டில் எல்லோர் வாயிலும் இருக்கட்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

108 இரு மாநிலத்திலும் உண்டு. எல்லையோரத்தில் நம் செல்போன் அடுத்த மாநில டவரைப் பிடித்து அழைப்பு அங்கே போய்விடக் கூடும். எனவே எடுத்த உடனே மாநிலம், மாவட்டம், ஊர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். எஸ்டேட்டில் சிக்னலே கிடைக்காத இடங்களில் ஆம்புலன்ஸை நம்பி உட்காராமல், இரவில் எழுப்பினால் வரக்கூடிய ஜீப்காரர் ஒருவரை இப்போதே பேசி வைப்பது நல்லது.

வேறு மாநிலத்துக்காரர் என்றோ போலீஸ் கேஸ் என்றோ ஆபத்திலிருப்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் சிகிச்சைதான் முதலில், போலீஸ் காரியம் பிறகுதான் என்று சுப்ரீம் கோர்ட் 1989லேயே தீர்ப்பளித்தது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடமில்லை என்று அனுப்பிவிட்டன. அந்த வழக்கில் 1996இல் அதே கோர்ட், அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்றது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டப்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த மாநிலத்தவருக்கும் இலவசம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரி நம்பர், ஸ்கேன் உள்ள இடம், ஆட்டோக்காரர் நம்பர், என் மாத்திரைகளின் பெயர்கள், எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. மலையாளத்திலும் எழுத வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒன்று தமிழில் எழுதி வாங்கிப் போனாள்.