கண்மாய்க்கரையில் கேட்டு எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. வட மாவட்டங்களில் ஏரி, தாங்கல் என்றும், நெல்லைப் பக்கம் குளம் என்றும், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்றும் சொல்கிறோம். கண்மாயின் கரை நீளமும் ஆயக்கட்டு அளவும் அரசுப் பதிவேட்டில் கிடைத்துவிடும். ஆனால், தண்ணீர் அரைக் கண்மாய்தான் நிற்கிறது என்றால் எந்த வயலுக்கு முதலில் பாயும், எதைக் காயவிடுவார்கள் என்பது மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சியின் நினைவில்தான் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போய்விடும். அதைப் பதிவு செய்வதுதான் பண்புசார் புவியியல் ஆய்வின் வேலை. பட்டம் பெற்ற ஆய்வாளர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஊர்ப்பற்றும் பொறுமையும் உள்ள யாரும் செய்யலாம்.

தேவையானவை

கோடு போடாத நோட்டு, பென்சில், ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி, அளவுநாடா, ஒரு படி கோலமாவு. காலம் இன்னும் முக்கியம். ஒரே கண்மாயை மூன்று முறையாவது பாருங்கள்: கண்மாயின் உட்பகுதியான உள்வாய் காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடியில், தண்ணீர் வரும் ஐப்பசி, கார்த்திகையில், அறுப்பு முடியும் தை, மாசியில்.

1. ஊரில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

ஊராட்சித் தலைவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் எதற்காக வந்திருக்கிறீர்கள், எழுதியதை என்ன செய்வீர்கள் என்று விளக்குங்கள். ஒவ்வொருவரிடமும் பேச்சைப் பதிவு செய்யலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

2. உட்காராதீர்கள், நடங்கள்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் கிடைக்கும். வரத்துக்காலில் தொடங்கிக் கரை, மடை, உபரிநீர் வழியும் கலுங்கு, கடைமடை வயல் வரை உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடங்கள். காலடியில் உள்ள இடமே அவருக்கு நினைவூட்டும்.

சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றில், கண்மாய்க்கு மூன்று மடை என்று எழுதி வைத்திருந்தேன். கரையில் போகும்போது என்னோடு வந்த பெரியவர் சீமைக்கருவேல் புதரருகே நின்றார். "இது புளியடி மடை தம்பி. எங்கப்பா காலத்துல இதுலதான் மொதத் தண்ணி" என்றார். புதருக்குள் இரண்டு கல்தூண்கள் நின்றன. அதற்கு முன் அவரிடம் மூன்று நாள் பேசியிருந்தேன். அந்த மடையைப் பற்றி அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படி ஒரு குமிழி மடையைக் கண்டால் நின்று பாருங்கள். உள்வாயில் இரண்டு கல்தூண்கள், இடையே குறுக்குக் கற்கள், அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேல்பக்கத் துளை நீரோடி, அடித்துளை சேறோடி. பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போதே வண்டலையும் வெளியேற்றும் ஏற்பாடு இது. அளவெடுங்கள், வரையுங்கள், படமெடுங்கள். தூணில் எழுத்து இருந்தால் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ கூடாது. தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.

3. தரையில் வரையச் சொல்லுங்கள்

காகிதத்தில் வரையச் சொன்னால் பலர் கூச்சப்படுவார்கள். கோயில் முன் தரையில் கோலமாவை வைத்து, "கண்மாயைப் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒருவர் கோடு போட, இன்னொருவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தை விடாமல் எழுதுங்கள். முடிந்ததும் படமெடுத்து நோட்டில் நகல் வரையுங்கள்.

4. நடந்ததைக் கேளுங்கள்

"இங்கே நீர் மேலாண்மை எப்படி?" என்ற கேள்விக்கு மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். "கடைசியா மறுகால் போனது எப்ப?", "தண்ணி பத்தாத வருஷம் யாரு வயலு காஞ்சது?", "நீர்பாய்ச்சிக்குக் களத்துல எவ்வளவு நெல்லு அளந்தாங்க?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். "முறைத்தண்ணி" என்று அவர் சொன்னதை "சுழற்சி முறைப் பாசனம்" என்று மாற்றினால், முறை என்ற சொல்லுக்குள் இருக்கும் உரிமை உதிர்ந்துவிடும்.

5. கடைமடையையும் கேளுங்கள்

தலைமடை விவசாயி சொல்லும் கண்மாய் வேறு, கடைமடை விவசாயி சொல்லும் கண்மாய் வேறு. ஆடு மேய்ப்பவர், துணி வெளுத்தவர், மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா குத்துபவர் எல்லாருக்கும் தனித்தனிக் கண்மாய் உண்டு. நாற்று நடும் பெண்களை வயல் வரப்பில் சந்தியுங்கள். மடை திறந்து காவல் காக்கும் உழைப்பு பல ஊர்களில் தலித் குடும்பங்களின் தோளில் இருந்தது. அவர்கள் தெருவுக்குப் போகாமல் எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறுதான். யாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்பதும் மரபின் பகுதிதான். அதையும் எழுதுங்கள்.

6. பிறகு காகிதத்தைப் பாருங்கள்

நடந்து முடித்த பின் கிராம வரைபடம், அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். ஊர் சொல்வதும் பதிவேடு சொல்வதும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே மறுபடி போய்க் கேளுங்கள். ஆக்கிரமித்த வாய்க்காலும் மூடிய மடையும் அங்கேதான் வெளிப்படும். கல்வெட்டுகளையும் தேடுங்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. கண்மாயைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது.

7. இடத்துக்கு ஒரு தாள்

அன்று கேட்டதை அன்றிரவே எழுதிவிடுங்கள். மடைக்கு ஒன்று, கரைமேல் அய்யனார் கோயிலுக்கு ஒன்று என இடந்தோறும் ஒரு தாள்: பெயர், பெயர்க்காரணம், யார் சொன்னது, எந்த நாள், அளவு, படம். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று நீங்களாகத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

8. ஊருக்கே திருப்பிக் கொடுங்கள்

எழுதியதை ஊரில் வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் திருத்துங்கள். நிலத் தகராறில் யாரையாவது மாட்டிவிடக்கூடிய விவரங்களையும், காவல் இல்லாத பழஞ்சிலைகள் இருக்கும் இடங்களையும் வெளியிடாதீர்கள். ஒரு பிரதி பள்ளியில், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று நீர்பாய்ச்சி வீட்டில் இருக்கட்டும்.

வேலை அதோடு முடியவில்லை. கண்மாய் பெருகிக் கலுங்கில் மறுகால் பாயும் நாளில் ஊரே கரைக்கு வரும். உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். தண்ணீர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே யாராவது ஒருவர், "இந்தக் கால் இப்படிப் போகாது, அந்தப் பக்கம் திரும்பும்" என்பார். பென்சிலை அவரிடமே கொடுங்கள்.