திருத்தம் வந்தால் அதையும் அச்சிடு

அன்புள்ள தம்பிக்கு,

நாளிதழ் வேலையை உதறிவிட்டு ஊர் வரலாறு எழுதப் போவதாகச் சொன்னாய். அவசரப்படாதே. அதற்கு முன், சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா எழுத்தில் வளர்ந்த விதத்தைப் பார்.

1930இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவர். 1951இல் கொழும்பின் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ பத்திரிகையில் சேர்ந்து பதினேழு ஆண்டுகள் உழைத்தார். குடியுரிமை கிடைக்காமல் 1968இல் சென்னைக்கு வந்தவருக்கு அமைந்தது டி.டி.கே. குழுமத்தின் வரைபடப் பிரிவு. ஒரு நகரத்தைத் தெருத்தெருவாக அறிய அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? 1981இல் அந்நகரைப் பற்றிய அவருடைய ‘மெட்ராஸ் டிஸ்கவர்டு’ நூல் வெளிவந்தது. பதிப்புக்குப் பதிப்பு பருத்து, பிறகு ‘மெட்ராஸ் ரீடிஸ்கவர்டு’ என்று பெயரும் மாறியது.

எப்படிப் பருத்தது என்பதில்தான் உனக்கு வேண்டியது இருக்கிறது.

1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 1999 முதல் ‘தி இந்து’வில் ‘மெட்ராஸ் மிசலனி’ என்ற வாரப் பத்தியை எழுதினார். அதில் தபால்காரர் கதவைத் தட்டினார் என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு பகுதி வரும். வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கான இடம் அது. நீங்கள் சொன்னது தவறு என்பார் ஒருவர். விட்டுப்போன தகவலை எடுத்துக்கொடுப்பார் இன்னொருவர். எல்லாம் அதே பத்தியில் அச்சேறும். தன் கட்டுரைக்கு வந்த மறுப்பைத் தானே வெளியிடுகிறவரை வாசகர் நம்புவார். வீட்டில் பூட்டிவைத்த பழைய காகிதங்களை அவரிடம்தான் எடுத்து நீட்டுவார். தனியாக உட்கார்ந்து புத்தகம் எழுதுகிறவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்த தேதியையே எடுத்துக்கொள். 1639 ஜூலை 22ஆ, ஆகஸ்ட் 22ஆ என்று வாதம் உண்டு. 2004இல் முத்தையாவும் நண்பர்களும் நகரத்தின் பிறந்தநாளாக ‘மெட்ராஸ் தினம்’ தொடங்கியபோது ஆகஸ்டைத் தேர்ந்தார்கள். வாதம் ஓயவில்லை, அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜனங்கள் கூட்டமாகப் பழைய தெருக்களில் நடந்து, வழிகாட்டியைக் கேள்வி கேட்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகள் எட்டாத வாசகர்கள் அவர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதே. அவர் நூல்களில் அடிக்குறிப்புகள் குறைவு. பின்னால் வருகிற ஆய்வாளர் மூலத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கல்வெட்டா, கிரயப் பத்திரமா, பெரியவர் ஒருவர் சொன்னதா என்று கட்டுரை எழுதும்போதே குறித்துக்கொள். புத்தகமாகும்போது எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் போடு. பக்கம் கூடுகிறது என்று பதிப்பாளர் முகம் சுளிப்பார். விட்டுக்கொடுக்காதே.