அனுமதியில்லாமல் ஓர் அறை

பொன்முடி மலைப்பக்கம், பெரிங்கமலை பஞ்சாயத்தில், மகன் கல்யாணத்துக்காக ஓர் அறை கூட்டிக் கட்ட நினைப்பவர் முதலில் போக வேண்டியது கொத்தனார் வீட்டுக்கல்ல, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு.

வெள்ளையடிக்க, பூச்சு பூச அனுமதி வேண்டாம். அறை சேர்க்கவும் மாடி எழுப்பவும் 2019-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி பெர்மிட் வேண்டும். மீறிக் கட்டினால் 'யு.ஏ.' எண்தான் கிடைக்கும், வரியும் கூடும். அந்த எண் உரிமை தராது, இடிப்பு நோட்டீசையும் தடுக்காது. பின்னாளில் வங்கிக் கடன் கேட்டால், அங்கீகரித்த வரைபடம் எங்கே என்பார்கள்.

பெர்மிட் மட்டும் போதுமா? கொச்சி மரடில் பஞ்சாயத்து பெர்மிட் இருந்தும், கடலோர விதியை மீறியதால் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. எனவே நிலத்துக்கு வேறு தடை உண்டா என்றும் விசாரியுங்கள். வாங்கிய பெர்மிட்டைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.