இந்த வயசுல ஒரு துணையா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். அதே வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் ஏழில் ஒருவர் அளவுக்குத்தான். பெண்களுக்கு ஆயுள் அதிகம், கணவன் வயதில் மூத்தவன் என்று காரணம் சொல்வோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவி போன மறுவருஷமே “பாவம், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுறார்” என்று அவருக்குப் பெண் தேடக் கிளம்பும் சொந்தபந்தம், கணவன் போனவளைப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுகிறது. விவாகரத்தானவர்களும், தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே கல்யாண வயதைக் கடந்தவர்களும் தனி.

இவர்கள் ஒரு துணையைத் தேட நினைத்தால் வழிமறிப்பவை சில நம்பிக்கைகள். அவற்றுக்குப் பயந்து ஒடுங்குவது ஒரு துயரம். அந்தப் பயத்திலேயே, உண்மையில் கவனிக்க வேண்டியதைக் கோட்டைவிடுவது அதைவிடப் பெரிய துயரம்.

“பேரன் பேத்தி எடுத்த பிறகு அந்த ஆசையெல்லாம் இருக்காது.”

இருக்கும். அமெரிக்காவில் 57 முதல் 85 வயதுவரை உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2007-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. 65 முதல் 74 வயதினரில் 53 சதவீதம் பேர் உடலுறவு வாழ்க்கையில் இருந்தார்கள். 75-ஐத் தாண்டியவர்களிலும் நான்கில் ஒருவர். நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூசுகிறோம். பேச்சுத்துணை மட்டும் போதும் என்பவர்களும் நிறைய உண்டு. இரண்டுமே நியாயம். எது வேண்டும் என்பதை முதல் சில சந்திப்புகளிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

“மறுமணம் செய்தால் முதல் புருஷன் சொத்து கையைவிட்டுப் போயிடும்.”

இந்தப் பயம் வெறுங்கற்பனை இல்லை. விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டமே, மணந்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் உரிமை போய்விடும் என்றும் சொன்னது. சட்டம் மாறி மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கணவனிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மனைவி முழு உரிமையாளர். பிறகு மணந்தாலும் அது அவருடையதுதான்.

கைவிட்டுப் போகக்கூடியது வேறொன்று: குடும்ப பென்ஷன். பி.எஃப். அலுவலகம் தரும் 1995 திட்டத்து விதவை பென்ஷன், மறுமணம் செய்தால் நின்றுவிடும். அரசு ஊழியரின் குடும்ப பென்ஷனும் பொதுவாக அப்படித்தான். குழந்தையில்லாத விதவைக்கு மத்திய அரசு விதிகளில், வருமான வரம்புக்கு உட்பட்டு, விலக்கு உண்டு. தன் வேலைக்காகத் தானே வாங்கும் பென்ஷனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. மத்திய அரசில் ஓய்வுபெற்ற ஒருவர் அதன் பிறகு மணந்த மனைவிக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால் ஆவணத்தில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். தாலிக்கு நாள் பார்க்கும் முன் பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது அவசியம்.

“சொத்துக்காகத்தான் வர்றா. பிள்ளைங்க நடுத்தெருவுல நிப்பாங்க.”

வருகிற பெண்ணைப் பற்றிய அவதூறு இது, கடுமையாகவே மறுக்கிறேன். ஆனால் பிள்ளைகளின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் புது மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதற்கு மருந்து கல்யாணத்தைத் தடுப்பது இல்லை, உயில். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. புது மனைவி குடியிருக்க என்ன வழி என்பதையும் அதிலேயே எழுதுங்கள்; பலர் மறப்பது அதைத்தான். கிறிஸ்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி இல்லை.

“பிரிஞ்சு இருபது வருஷம் ஆச்சு. அதுவே விவாகரத்துதானே?”

இல்லவே இல்லை. எத்தனை வருஷம் பிரிந்திருந்தாலும், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கியிருந்தாலும், நீதிமன்றத் தீர்ப்பு இல்லையென்றால் இந்துச் சட்டப்படி பழைய கல்யாணம் பொதுவாக உயிரோடுதான் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கல்யாணம் குற்றம்.

கல்யாணம் வேண்டாம், சேர்ந்து வாழ்கிறோம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு நிபந்தனைகள் வகுத்தது. இருவரும் மணம் செய்யத் தடையில்லாதவர்களாக, ஊரறியக் கணவன் மனைவிபோல், கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். பழைய கல்யாணத்திலிருந்து விவாகரத்து வாங்காத ஒருவரை நம்பிச் சேர்ந்த பெண், அடித்தாலும் துரத்தினாலும் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாமல் போகலாம். விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“மண்டபம் பிடிச்சு ஊரைக் கூட்டணுமே, அந்த வெட்கக்கேடு வேற.”

தேவையில்லை. தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, இந்துக்கள் இருவர் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

“ஆன்லைனில் வர்றவங்க எல்லாம் ஏமாத்துப் பேர்வழிகள்.”

எல்லாரும் இல்லை. ஆனால் ஏமாற்றுபவர்கள் தனியாக இருக்கும், கையில் ஓய்வூதியப் பணம் இருக்கும் ஆட்களைத்தான் தேடி வருகிறார்கள். வீடியோ காலில் முகம் காட்டமாட்டார், சீக்கிரமே உருகுவார், பரிசுப் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்று பணம் கேட்பார். நேரில் பார்க்காத ஆளுக்கு நூறு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

முதல் சந்திப்பு பகலில், பூங்காவிலோ ஓட்டலிலோ இருக்கட்டும். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பழைய மாணவர் சந்திப்பு, வாக்கிங் குழு, நூலகம், கோயில் உழவாரப்பணி போன்ற இடங்களில் அறிமுகமாகிறவரைப் பற்றி விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். அதற்காகவே இவற்றை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். அகமதாபாதில், 2001 பூகம்பத்தில் துணையை இழந்தவர்களைப் பார்த்த நட்டுபாய் படேல், மூத்தவர்கள் சந்தித்துப் பேசுவதற்கென்றே கூட்டங்கள் நடத்திவருகிறார். ஹைதராபாதில் ‘தோடு நீட’ அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. நம் ஊர் ஓய்வூதியர் சங்கங்களிடம் கூடமும் இருக்கிறது, உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தனியாக இருப்பவர்களுக்கென்று ஒதுக்க அவர்கள் முன்வர வேண்டும்.